வரப்போகும் காய்ச்சலுக்கு ஒரு கடிதம்

“உங்கள் மகளுக்கு அடுத்த திங்கட்கிழமை காய்ச்சல் வரும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வகுப்பாசிரியை ஃப்ராவ் லிண்ட்னர் இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபக்காரரோடு கதைக்க எனக்கு நன்றாக வரும். அந்த மனுசியோ எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு ஜெர்மன் சொல்லாகப் பிரித்துப் பிரித்து, மெதுவாகக் கேட்டார். எனக்கு முகம் சுட்டது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற கதிரை. முழங்கால் மேசையில் இடித்தது. நனைந்த கோட்டுகளின் மணமும், யாரோ உரித்துப் போட்ட தோடம்பழத் தோலின் மணமும் அறை முழுக்க நின்றன. மேசையில் என் கணவரின் கையெழுத்தில் ஒரு கடிதம்.

“மதிப்புக்குரிய ஃப்ராவ் லிண்ட்னர், எங்கள் மகள் ஆரணிக்கு இன்று காலையிலிருந்து கடும் காய்ச்சல். ஆகையால் வகுப்புச் சுற்றுலாவுக்கு வர முடியாது. மிகவும் வருந்துகிறோம்.”

கீழே கையொப்பம். மேலே திகதி. அந்தத் திகதி வருவதற்கு இன்னும் ஏழு நாள் கிடந்தது.

நான் கடிதத்தைப் பார்த்தேன். ஃப்ராவ் லிண்ட்னர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் இந்த மனுசனை என்ன செய்யலாம் என்றுதான் என் யோசனை போனது.

ஒரு கிழமை முந்திய மனுசன்

போன இதழில், முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒரு சகோதரி, “உங்கள் கணவர் இவ்வளவு பொறுமைசாலியா?” என்று கேட்டிருக்கிறார். பொறுமையாவது! அவர் ஒரு கிழமை முந்திய மனுசன், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் ஒரு டெர்மின், அதாவது வரச்சொல்லி ஒரு நாளும் நேரமும், கிடைத்துவிட்டால் போதும். அதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே எல்லாக் கடதாசியும் பிரதி எடுத்து, கண்ணாடி உறைகளில் போட்டு, பிள்ளையார் படத்துக்குக் கீழே அடுக்கியாகிவிடும். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு படம் கேட்டால் எட்டுப் படம் எடுப்பார். போடப்போகிற சப்பாத்துக்கூட மூன்று நாளைக்கு முன்னரே துடைத்து வாசலில் நிற்கும். நாங்கள் இருக்கிற கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்களைப் போல வந்த சனம் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஒரு கடதாசி குறைந்து திருப்பி அனுப்பப்பட்டவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அந்தப் பழக்கத்தில், பொய்க் காய்ச்சலுக்கும் ஒரு கிழமைக்கு முன்னரே கடிதம் எழுதிவிட்டார். எழுதியதோடு விட்டாரா? பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கடிதம் கொண்டுபோகப் பிள்ளைகளின் பையில் ஒரு மஞ்சள் மட்டை இருக்கும். ஆசிரியைக்குப் போகிற கடிதம் இருக்கவேண்டிய இடம் அதுதானே என்று பத்திரமாக அதற்குள் செருகிவிட்டார். திங்கள் காலை கடிதம் ஃப்ராவ் லிண்ட்னரின் கையில். பின்னேரம் நான் அவர் முன்னால்.

“இஞ்சரும், கடைசி நேரத்திலை அவதிப்பட்டு எழுதினாப் பிழை விட்டுடுவன் எண்டுதான்…” என்று பிறகு இழுத்தார்.

“கோதாரி! காய்ச்சலுக்குமோ டெர்மின்?” என்று நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரி தரையைத் தட்டினாள்.

சிவப்புக் கோடு

ஏன் பொய் சொல்ல வந்தோம் என்று சொல்லவேண்டும்.

ஆரணிக்கு மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தோம். எங்கள் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். பிறகு கையில் கிடைத்தது டுல்டுங் என்கிற கடதாசி. இங்கே இருக்க உரிமை தருகிற கடதாசி இல்லை அது. போகத்தான் வேண்டும், இப்போதைக்கு அனுப்பாமல் விட்டிருக்கிறோம் என்று சொல்கிற கடதாசி. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நல்ல காலமென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்கவேண்டும். அதை நாங்கள் ஆம்ட் என்போம். இப்படியே எட்டு வருடம்.

அந்தக் கடதாசியில் ஒரு வரி இருந்தது. ஜெர்மனியை விட்டு வெளியேறினால் இது செல்லாது.

ஆறாம் வகுப்புச் சுற்றுலா ஹொலண்டுக் கடற்கரைக்கு. மூன்று நாள். எங்கள் நகரிலிருந்து இரண்டரை மணித்தியாலம். கடதாசி சரியாக உள்ள எங்கள் சனம் சனிக்கிழமைகளில் மீன் வாங்கப் போய்வருகிற தூரம். எங்களுக்கு அது சந்திரமண்டலம்.

பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று இன்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: பிள்ளைக்கு எதுவும் தெரியக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். மற்ற வீடுகளில் ஆம்ட் கடிதங்களைப் பிள்ளைகளே வாசித்து மொழிபெயர்ப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை, ‘உங்களை நாடு கடத்தலாம்’ என்ற வரியைத் தாய்க்கு வாசித்துக் காட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே முடிவெடுத்தேன், என்னுடைய பிள்ளையின் வாயால் அது வரக்கூடாது. அகராதியோடு நாங்கள் இரண்டு பேரும் கிடந்து மல்லுக்கட்டினோம்.

நாலு வயதில் அவள் அந்தக் கோட்டைக் கண்டுவிட்டாள். “ஏனம்மா கோடு போட்டிருக்கு?”

“வடிவுக்குப் பிள்ளை” என்றேன். அழகுக்குப் போட்டது என்று, வாயில் வந்தது அதுதான்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவள் கீறிய படங்கள் எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டாள். வீட்டுக்கு மேலே கோடு, சூரியனுக்கு மேலே கோடு, என் முகத்துக்கு மேலேயும் ஒரு கோடு. “வடிவா இருக்கோ அம்மா?” என்பாள். அந்தப் படங்களை இன்றும் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பதில்லை.

இடியப்ப ஐஸ்கிறீம்

ஆம்ட் நாளை நாங்கள் ஒரு கொண்டாட்டமாகவே நடத்தினோம். அது இவருடைய யோசனை. பயந்த முகத்தோடு பிள்ளையைக் கூட்டிப்போனால் பிள்ளையும் பயப்படும் என்றார். ஆகவே ஆரணிக்குக் கோயில் திருவிழாச் சட்டை. இரட்டைப் பின்னல், ரிபன். இவருக்கு அயர்ன் செய்த வெள்ளைச் சேர்ட். நானும் சங்கிலியை எடுத்துப் போடுவேன். ஜீன்ஸும் குளிர் ஜக்கெட்டுமாகச் சனம் குந்தியிருக்கிற அந்த அலுவலக நடையில், நாங்கள் மூன்று பேரும் கல்யாண வீட்டுக்கு வந்து வழி தவறியவர்கள் போல நிற்போம்.

இலக்கம் எழுதிய துண்டைக் கிழித்து எடுக்கிற உத்தியோகம் ஆரணிக்கு. சுவரில் எங்கள் இலக்கம் சிவப்பாக எரிந்ததும் துள்ளிக் குதிப்பாள். உள்ளே அதிகாரி கடதாசியைப் புரட்டுகிற நேரம் முழுக்க நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். தாடை நோகும்.

வெளியே வந்ததும் நேரே இத்தாலிக்காரனின் ஐஸ்கிறீம் கடை. அங்கே ஸ்பகெட்டி ஐஸ் என்று ஒன்று, வெனிலா ஐஸ்கிறீமை இடியப்ப உரல் போன்ற ஒன்றில் இட்டுப் பிழிந்து, மேலே ஸ்ட்ரோபெரிச் சாறு ஊற்றித் தருவான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இடியப்ப ஐஸ்கிறீம். குளிர்காலத்தில் கடை பூட்டு. அப்போது உருளைக்கிழங்குச் சிப்ஸ். அவள் ரசித்து ரசித்துச் சாப்பிடுவாள். நாங்கள் முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்குத் தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது. அடுத்த மூன்று மாதத்துக்கு உயிர் திரும்பி வருகிற நேரம் அது.

“அம்மா, அடுத்த ஆம்ட் நாள் எப்ப?” என்று ஆசையாகக் கேட்பாள். பார்த்தீர்களா, எங்கள் கெட்டித்தனத்தை!

ஃப்ளோராவின் சப்பாத்து

கெட்டித்தனம் ஒருமுறை சறுக்கியது. முதல் நாங்கள் இருந்த அகதிகள் விடுதியில், நடைக்கு எதிர்ப்பக்க அறையில் ஒரு அல்பேனியக் குடும்பம். அவர்களின் மகள் ஃப்ளோரா ஆரணியின் வயது. இரண்டு பேரும் நடையில் சப்பாத்துகளை வரிசையாக வைத்து ரயில் ஓட்டுவார்கள்.

ஒரு நாள் காலை எழும்பிப் பார்த்தால் அந்த அறை திறந்து கிடந்தது. கட்டிலில் மெத்தை மட்டும். நடையில் ஃப்ளோராவின் ஒரு சப்பாத்து, ஊதா நிறம், ஒற்றை. விடிய நாலு மணிக்குப் பொலிஸ்காரர் வந்து, நாடு கடத்த ஏற்றிப்போனார்களாம்.

“ஃப்ளோரா எங்கை அம்மா?”

“விடுமுறைக்குப் போட்டினம் பிள்ளை.”

“எப்ப வருவினம்?”

மாதக்கணக்காகக் கேட்டாள். பிறகு ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் நிம்மதிப்பட்டேன்.

எட்டுப் படத்தின் பலன்

சரி, வகுப்பறைக்கு வருவோம். ஃப்ராவ் லிண்ட்னர் கடிதத்தை மடித்துத் தள்ளி வைத்துவிட்டு, “பயணம் போவதில் ஏதாவது பிரச்சினையா? கடதாசிப் பிரச்சினையா?” என்று கேட்டார்.

எட்டு வருடம் அந்நியர் முன்னால் சிரித்துப் பழகிய முகம் என்னுடையது. அன்றைக்கு ஏலாமல் போய்விட்டது. அந்தச் சின்னக் கதிரையில் இருந்து, சமையலறையில் படித்த ஜெர்மனில், இலக்கணம் எல்லாம் எங்கேயோ கிடக்க, டுல்டுங், சிவப்புக் கோடு, வெளியே போனால் செல்லாது என்று எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் எழும்பிப்போய்க் கை துடைக்கிற தாள் ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்தார்.

“இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறதே” என்றார் பிறகு.

வகுப்பாகப் பயணம் போகும்போது, கடவுச்சீட்டு இல்லாத பிள்ளையின் பெயரையும் படத்தையும் ஒரு பட்டியலில் போடுவார்களாம். ஆம்ட் அதில் முத்திரை குத்தினால் பிள்ளை வகுப்போடு போய் வகுப்போடு திரும்பலாம். முன்னரும் இப்படிப் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறாராம். “நீங்கள் ஒரு சொல் கேட்டிருக்கலாமே!”

ஒரு சொல்! எட்டு வருடமாக அந்த ஒரு சொல் வெளியே வராமல்தானே வாயைக் கட்டி வைத்திருந்தோம்.

“நேரம் இல்லை. நாளைக்கு எனக்கு அவளின் படம் ஒன்று வேண்டும். அலுவலகத்துக்கு நானே போகிறேன்.”

படத்துக்கா பஞ்சம்? வீட்டுக்குப் போனதும் பிள்ளையாருக்குக் கீழே கண்ணாடி உறைக்குள் ஆரணியின் படம் ஆறு, அச்சொட்டாக அளவெடுத்து வெட்டியபடி கிடந்தது. திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு கடதாசி

வியாழக்கிழமை ஆரணியின் பையில் முத்திரை குத்திய பட்டியலின் பிரதி வந்தது. இவர் அதையும் டுல்டுங்கையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றி வாசித்தார். பருப்பு அடிப்பிடித்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“இதிலை போனால் செல்லாது எண்டு கிடக்கு. இதிலை போட்டு வரலாம் எண்டு கிடக்கு. எதையப்பா நம்புறது?”

“ரீச்சர் சொல்லுறா. ஆம்ட்டிலையும் முத்திரை குத்திப்போட்டினம்.”

“முத்திரை குத்தினவர் எல்லையிலை நிப்பாரோ? அங்கை ஆரும் மறிச்சுப் பிள்ளையைப் பிடிச்சு வைச்சா என்ன செய்யிறது? எங்களாலை அங்கை போய்க் கூட்டிக்கொண்டு வரவும் ஏலாது. யோசிச்சனீரோ?”

யோசித்தேன். இரண்டரை மணித்தியாலத் தூரத்தில் பிள்ளை நின்று அழ, எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்பதை மூன்று நாளாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். “அப்ப விடுவம். காய்ச்சல் எண்டே இருக்கட்டும்” என்று சொல்லியும்விட்டேன்.

“ஓம். எனக்குக் காய்ச்சலெண்டு சொல்லுறன்.”

திரும்பிப் பார்த்தால் ஆரணி கதவடியில். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

“பிள்ளை, நீ உள்ளை போ…”

“நான் அப்பான்ரை கடிதத்தை வாசிச்சனான் அம்மா. நான்தான் மட்டையிலை இருந்து எடுத்துக் குடுத்தனான். திகதி பிறகு எண்டு தெரியும். அண்டைக்குக் காலமை குடுத்தா ரீச்சருக்குக் கரைச்சல்தானே. முதலே குடுத்தாத்தான் அங்கை ஒரு கட்டில் குறைக்கச் சொல்லி அறிவிக்க ஏலும்.”

தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை! அவளும் ஒரு கிழமை முந்தியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போக ஆசைப்பட்ட பிள்ளை, போகமாட்டேன் என்ற கடிதத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

“ஏன் குஞ்சு குடுத்தனி?” என்று கேட்டார் இவர்.

“நீங்கள் பயப்பிடுறீங்கள் எண்டு விளங்கினது.” பிறகு என்னைப் பார்த்தாள். “ஃப்ளோரா விடுமுறைக்குப் போகேல்லை எண்டும் தெரியும். ஒரு சப்பாத்தோடை ஆர் விடுமுறைக்குப் போவினம்?”

அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் வீண். அவள் எங்களைக் காப்பாற்றத் துள்ளிக் குதித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இவர் இரண்டு கடதாசியையும் எடுத்து, டுல்டுங்கை ஒரு உறைக்குள்ளும் பட்டியலை இன்னொரு உறைக்குள்ளும் போட்டார். “சூட்கேசை எடும்” என்றார் என்னிடம். “திங்கட்கிழமைக்கு இண்டைக்கே அடுக்கினால்தான் சரி.”

மூன்று நாள்

திங்கள், செவ்வாய் எப்படிப் போனது என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்துச் சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். ஃப்ராவ் லிண்ட்னர் ‘எல்லாரும் சுகமாக வந்து சேர்ந்தோம்’ என்று எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிய ஒற்றை வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. போனது சரி. திரும்பி வரவேண்டுமே! இவர் வேலை முடிந்து வந்ததும் யன்னலடியில் குந்தினால் எழும்பமாட்டார்.

புதன் பின்னேரம் மூன்றரைக்கு பஸ் வரும் என்றார்கள். நாங்கள் இரண்டு மணிக்கே பள்ளிக்கூட வாசலில். இவர் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். என் கழுத்திலும் சங்கிலி கிடந்தது.

பஸ் வந்தது. கதவு திறந்தது. ஒவ்வொரு பிள்ளையாக இறங்க இறங்க எண்ணினேன். பதினாறாவதாகவோ பதினேழாவதாகவோ அவள் இறங்கினாள். வெயிலில் முகம் கறுத்து, பின்னல் எல்லாம் பிரிந்து, சப்பாத்துக்குள் இருந்து மணல் கொட்டிக்கொண்டு. பிடித்துக் கட்டிக்கொண்டேன். உப்பு மணத்தாள்.

இவருக்கு ஒரு கேள்விதான் இருந்தது. “எல்லையிலை என்னம்மா கேட்டவை? பட்டியலைக் காட்டச் சொன்னவையோ?”

ஆரணி யோசித்தாள். “எல்லை எது எண்டே தெரியேல்லை அப்பா. பஸ் நிக்கேல்லை. போகேக்கை பாட்டுப் பாடினாங்கள். வரேக்கை நான் நித்திரை.”

“நித்திரையோ?”

“ஓம். எழும்பிப் பாத்தா ஜெர்மனி.”

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் அவளின் சூட்கேசுக்கு இரண்டு பக்கமும் பிடித்தோம்.

சில வருடங்கள் கழித்து எங்களுக்குச் சரியான விசா கிடைத்தது. அந்தக் கதைக்கு இன்னொரு இடம் இருக்கிறது. ஆரணி இப்போது எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சைக்கிளில் திரிகிறாள், தொலைபேசி எடுத்தால் எனக்குப் புத்தி சொல்கிறாள். ஆனால் எங்களுக்கு விடுதலை கிடைத்த நாள் எது என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தப் புதன்கிழமைதான் ஞாபகம் வரும்.

வீட்டுக்குப் போகிற வழியில், இத்தாலிக்காரனின் கடை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

“ஐஸ்கிறீம் சாப்பிடுவம்.”

“இண்டைக்கு ஆம்ட் நாள் இல்லையே பிள்ளை” என்றார் இவர்.

“ஓம். அதுதான் சொல்லுறன்.” எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து உள்ளே இழுத்தாள். “இண்டைக்கு உங்களாலையும் சாப்பிட ஏலும்.”

மூன்று இடியப்ப ஐஸ்கிறீம் வந்தது. எட்டு வருடமாக முன்னால் இருந்து பார்த்த பண்டம். முதல் கரண்டி வாயில் வைத்தபோதுதான் அது எவ்வளவு இனிப்பு என்று எனக்குத் தெரிந்தது.